உப்பில்லாத கீரையும் எங்க வீட்டு மண்டியும்

போன மாசம் காரைக்குடில சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தி நடக்குற இடத்துக்குப் பக்கத்துல 'சங்ககால உணவு'ன்னு போர்டு வச்சு தனியா ஒரு ஸ்டால் போட்டிருந்தாக. காடை, நண்டு, ஆட்டுக்கறி, எல்லாத்துலயும் மிளகாப்பொடி செவசெவன்னு. மிளகாயே போர்த்துக்கீசியர் கப்பல்ல வந்தது, சங்கப் பாட்டுல 'கறி'ன்னா மிளகு, அதக்கூட விடுங்க. பழைய இலக்கியத்துல சாப்பாடுன்னு பேச ஆரம்பிச்சா நாம ஏன் நேரா அரண்மனைக்கே போறோம்ங்கறது தான் எனக்கு ஆத்தாமை.

கரிகாலன் வீட்டுல ராப்பகலா இறைச்சி தின்னு கொல்லை உழுத கொழு மாதிரி பல்லு மழுங்கிப் போச்சுன்னு பொருநராற்றுப்படைல வர்றது எல்லாருக்கும் தெரியும். அதே பத்துப்பாட்டுல சிறுபாணாற்றுப்படையையும் கொஞ்சம் படிங்க. கண்ணு தெறக்காத குட்டிக பால் குடிக்க வருது, குட்டி போட்ட தாய் நாய் அதத் தாங்காம குரைக்குது, அது கிடக்குறது அடுப்படில, ஏன்னா அந்த அடுப்பு எரிஞ்சு நாளாச்சு. அந்த வீட்டுப் பொம்பள குப்பையில முளைச்ச வேளைக்கீரைய நகத்தால கிள்ளிட்டு வந்து உப்புக்கூட இல்லாம வேக வச்சு, பாக்குறவுக என்ன நெனப்பாகளோன்னு வெக்கப்பட்டு கதவைச் சாத்திக்கிட்டு குடும்பத்தோட உக்காந்து திங்குது. 'கடை அடைத்து'ங்கற (கடைன்னா இங்க வாசல்) அந்த ரெண்டு வார்த்தையத் தாண்டிப் போக எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. இத எந்த ஸ்டால்ல வைப்பீக?

குறுந்தொகை 167ம் அப்படித்தான். முத்துன தயிரைப் பிசைஞ்ச கைய சேலையிலயே துடைச்சுக்கிட்டு, தாளிக்கிற புகை கண்ணுல ஏற, ஒரு பொண்ணு புளிக்குழம்பு வைக்குது. புருசன் நல்லாருக்குன்னு சாப்பிடுறான், அவ மொகம் லேசா மலருது. அவ்வளவு தான் பாட்டே.

எங்க ஊரு சாப்பாட்டுக்கும் இதே கதி தான். செட்டிநாடுன்னா சிக்கன்னு முடிச்சிடுறாக. எங்க அப்பத்தா அரிசி களைஞ்ச தண்ணிய ஒரு நாளும் கொட்டுனதில்ல, அதுல புளியக் கரைச்சு வெண்டைக்காய், மொச்சை, சின்ன வெங்காயம் போட்டு மண்டி வைக்கும், பர்மா தேக்குத் தூணு நிக்கிற வீட்டுல கழுவுன தண்ணியையும் வீணாக்காம குழம்பாக்குன புத்தி இருக்கே, அதத்தான் நான் செட்டிநாட்டுச் சமையல்னு சொல்லுவேன். ஆடிக்கு கும்மாயம் கிண்டுறோமே, உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைச்சு கருப்பட்டி, நெய் ஊத்தி, அந்தப் பேரு மணிமேகலைல இருக்கு, பயறோட தன்மை கெடாமச் செய்ற கும்மாயம்னு. இன்னைக்கு நாம செய்ற பக்குவமே அன்னைக்கும்னு நான் சொல்ல வரல, ஆனா பேரு அடுப்படியை விட்டுப் போகல.

வெளியூர்க்காரவுகளும் இந்த அன்றாடத்தத்தான் கவனிச்சிருக்காக. பதிமூணாம் நூற்றாண்டுக் கடைசில பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்க சோத்துக்கை வலது கை மட்டும் தான், தண்ணிய உதடு படாம தூக்கி ஊத்திக் குடிக்கிறாக, பாத்திரம் இல்லாத அன்னியனுக்குக் கையில ஊத்துறாகன்னு அதிசயமா எழுதி வச்சிருக்காரு. "எச்சப் பண்ணாம அண்ணாந்து குடிப்பா"ன்னு அப்பத்தா தினம் சொன்னது தான்! அடுத்த நூற்றாண்டுல வந்த இபன் பட்டூட்டா மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, மலபார்னு மூணு வருசம் வெறும் அரிசிச் சோறா தின்னு, கடைசில தண்ணி குடிச்சாத்தான் உள்ள இறங்குச்சுங்கறாரு. பாவம், ரொட்டி தின்னு பழகுன மனுசன்.

விருந்து வேணாங்கல. ஆனா அடுத்த கல்யாணத்துல 'பழைய சாப்பாடு'ன்னு போர்டு வச்சா, ஒரு ஓரத்துல மண்டியும் வைங்க. அப்பத்தா போயி ஆறு வருசமாச்சு, அளவெல்லாம் கைக்கணக்கு தான், எழுதி வைக்கல. உங்க வீட்டு ஆச்சிமார் மண்டிக்கு எத்தனாவது களைஞ்ச தண்ணிய எடுப்பாக, பெருங்காயம் எப்பப் போடுவாகன்னு கேட்டுச் சொல்லுங்க.