பதிமூன்று வயதுப் பிள்ளைக்குப் பதினான்கு தலையணையா?

"இப்ப உள்ள பிள்ளைங்க எங்க படிக்குது?" மொரீஷியஸில் கல்யாணப் பந்தியிலும் கோயில் வாசலிலும் பெரியவர்கள் இப்படி அலுத்துக்கொள்வதைக் கேட்டால் வயிறு எரிகிறது. பேன்டசி, அதாவது மாயாஜாலக் கதை, வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நீங்கள் எதைக் கொடுத்தீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

கிரேட் 8 படிக்கும் பிள்ளை, "டிராகன், மந்திரவாதி, பெரிய சண்டை எல்லாம் வர்ற தொடர் ஏதாவது சொல்லுங்க மாமா" என்கிறது. மாமா தனக்குப் பிடித்த 'வீல் ஆஃப் டைம்' பெயரைச் சொல்லிவிடுகிறார். தலையணை மாதிரி 14 பாகம், முன்கதை தனி. மொத்தம் சுமார் 44 லட்சம் சொற்கள். நிமிஷத்துக்கு 200 சொல், தினம் அரை மணி என்று வைத்தாலும் இரண்டு வருஷம் ஆகும். கொலேஜ் (உயர்நிலைப் பள்ளி) முடிந்து, லெசோனுக்கும் (டியூஷன்) போய்விட்டு வீடு திரும்பும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யார் போட்டுப் பார்த்தது? நல்ல தொடர்தான். அதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்த பிறகு, பிராண்டன் சாண்டர்சன் 2013-இல் முடித்தும் வைத்துவிட்டார். பதினேழு வயதில் பிள்ளை தானே தேடிப் போகட்டும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியலின் பெயரை மட்டும் கேள்விப்பட்டு அந்த நாவல்களைப் பரிசளிப்பவர்களை என்ன சொல்வது? வன்கொடுமையும் உடலுறவும் பச்சையாக எழுதப்பட்ட, பெரியவர்களுக்கான கதை அது. ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. முடியாத கதையில் பிள்ளையை இறக்கிவிடாதீர்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் தீவுக்கே உரிய கொடுமை மொழியில் இருக்கிறது. பரீட்சை ஆங்கிலத்தில் எழுதினாலும், ஆசைக்குப் படிப்பதைப் பிரெஞ்சில் படிக்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. பிரெஞ்சுப் பதிப்பில் பாக எண்களே மாறிவிடும். ராபின் ஹாப் எழுதிய கொலையாளி வரிசை என்ற பேன்டசித் தொடரில் ஆங்கிலத்தில் முதல் மூன்று பாகம், பிரெஞ்சில் ஆறு தோம் (பிரெஞ்சுப் பாகம்). முதல் பாகம் அப்படியே தோம் 1. இரண்டாவது, தோம் 2, 3 என்று பிளந்திருக்கிறது. மூன்றாவது, தோம் 4, 5, 6. தோம் 2 முடித்த பிள்ளைக்கு ஆங்கில மூன்றாம் பாகத்தை வாங்கிக் கொடுத்தால் அரைப் புத்தகம் காணாமல் போகிறது. குழம்பிப்போய் மூடி வைக்கிறது. உடனே "பொறுமை இல்லை" என்று பட்டம்! அட்டையில் 'அந்தேக்ரால்' (பிளந்த தோம்களைச் சேர்த்த தொகுப்பு) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க எவ்வளவு நேரம் ஆகும்?

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களின் பாடு இன்னும் மோசம். பிரெஞ்சில் இரண்டு மொழிபெயர்ப்பு உண்டு. பழைய லெதூ மொழிபெயர்ப்பில் நாயகன் ஃப்ரோதோன் சாக்கே. புதிய லோசோன் மொழிபெயர்ப்பில் ஃப்ரோதோ பெஸாக். எல்ஃபு என்னும் மாய இனத்தாரின் பள்ளத்தாக்கு ஒன்றில் ஃபோங்கோம்ப், மற்றதில் ஃபாந்தவால். பழைய புத்தகக் கடையில் முதல் பாகம் பழையது, இரண்டாவது புதியது என்று கலந்து வாங்கினால் பாதிக் கதையில் எல்லார் பேரும் மாறும். மூன்றும் ஒரே மொழிபெயர்ப்பாளர்தானா என்று உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதே டோல்கீனின் 'சில்மரில்லியன்' காலவரிசையில் முதலில் நடக்கும் கதை, அதனால் முதலில் படி என்று சொல்பவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுங்கள். அவருடைய 'ஹாபிட்' நாவல்தான் வாசல்.

என்னைக் கேட்டால் முதலில் கொடுக்க வேண்டியது உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ', பிரெஞ்சில் 'தெர்மேர்'. முதல் புத்தகம் 1968-இல் வந்தது, சுமார் 56 ஆயிரம் சொல். அதே அரை மணிக் கணக்கில் பத்து நாள். அதன் உலகம் முழுக்கத் தீவுகள், படகுகள், கடல்காற்று. நாயகன் கெட் செம்பழுப்புத் தோல்காரன். கடலைப் பார்த்து வளரும் நம் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான மந்திரவாதி கிடைப்பானா? அடுத்த இரண்டும் 1971, 1972-இல் வந்தவை, அவையும் சிறியவை. ஒவ்வொன்றும் தனிக் கதையாக முடிகிறது, நடுவில் நிறுத்தினாலும் நஷ்டமில்லை. இவ்வளவு இருந்தும் இதன் பெயரைச் சொல்வார் இல்லை.

தொடர் சொல்வதற்கு முன் மூன்றே கேள்வி கேளுங்கள். கடைசியாக முழுசாகப் படித்தது எது? ஆசைக்குப் படிப்பது எந்த மொழியில்? பயமா, சண்டையா, சிரிப்பா, எது பிடிக்கும்? பிறகு நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். அந்தப் பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் அது இப்போதைக்கு வேண்டாம். அறுபதாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்தால், "ஏன் முடிக்கல?" என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுங்கள், அன்றைக்கே.