கல்லறைத் திருநாள் வேலையைச் செப்டம்பரிலேயே தொடங்குங்கள்

நவம்பர் 2, கத்தோலிக்கர்களான நாம் இறந்தவர்களுக்காகச் செபிக்கும் கல்லறைத் திருநாள். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல குடும்பங்கள் அன்றைக்குச் சாயங்காலம்தான் பாராங்கத்தியும் மெழுகுவர்த்தியுமாகப் பழைய ரப்பர்த் தோட்டத்துக் கல்லறைக்குக் கிளம்புகின்றன. லாலான் புல் இடுப்பளவு நிற்கிறது. கொஞ்சம் வெட்டுவதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. ஃபாதர் வந்து மந்திரிக்கும்போது பாதிச் சிலுவைகள் இன்னும் புல்லுக்குள்ளேதான் இருக்கின்றன. இறந்தவர்கள் மேல் நமக்குப் பாசம் குறைவு என்று நான் சொல்லவில்லை. வேலையைத் தாமதமாகத் தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

பைபிளில் தொடக்கநூல் 23-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். சாரா இறந்துவிட்டார். "நான் உங்களிடையே அந்நியன்" என்று சொல்லிக்கொண்டே ஆபிரகாம் அடக்கத்துக்கு இடம் கேட்கிறார். சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நகர வாயிலில் எல்லாரும் பார்க்க 400 வெள்ளிச் செக்கேலை நிறுத்துக் கொடுத்து, நிலத்தையும் குகையையும் மரங்களையும் தம் பேருக்கு ஆக்கிக்கொண்ட பிறகுதான் மனைவியை அடக்கம் செய்கிறார். நம் தாத்தா பாட்டிகளும் அந்நியர்களாகத்தான் வந்தார்கள். ஆனால் நிலம் வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. துரை வாய்வார்த்தையாகக் காட்டிய மூலையில் அடக்கம் செய்தார்கள். டவுன் கோயிலின் கல்லறை கோயில் பொறுப்பில் இருக்கிறது. தோட்டத்துக் கல்லறையோ கம்பெனி நிலம். 1950-களின் கடைசியிலும் 60-களிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானால் கல்லறையைக் கேட்க ஆள் இல்லை. இன்றைக்கு நம் கையில் இருக்கிற ஒரே சாட்சி, வருஷா வருஷம் நாம் அங்கே போய்வருவதுதான். அதனால்தான் இதை விசுவாசக் கடமை என்கிறேன்.

முதல் வேலை அனுமதி. செப்டம்பர் முடிவதற்குள் மேனேஜருக்குக் கடிதம் கொடுங்கள். வரப்போகும் நாள்கள், கார் எண்கள், புல்லுக்கு மருந்தடிக்கப் போகிறோம் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். நகல் ஒன்றில் ஆபீஸ் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் ஜாகா (காவலாளி) மாறினாலும் அது கைகொடுக்கும். பின்னாளில் தோட்டம் கைமாறினால், இந்தக் கல்லறைக்குக் குடும்பம் இருக்கிறது என்று காட்டவும் அந்தக் காகிதம் உதவும்.

அடுத்தது லாலான். எல்லாரும் தவறு செய்வது இங்கேதான். வெட்டிவிட்டு மருந்தடிக்கிறார்கள். லாலானின் உயிர் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டில் இருக்கிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாக இறங்கித்தான் அந்தத் தண்டைக் கொல்லும். இலையை வெட்டிவிட்டால் மருந்து இறங்க வழி ஏது? எனவே புல் பச்சையாக நிற்கும்போதே, பனி காய்ந்த காலையில், லேபிளில் சொன்ன அளவுக்குக் கலந்து அடியுங்கள். ஆறு மணி நேரமாவது மழை படக்கூடாது. நம் மேற்குக்கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், காலையே பத்திரம். இரண்டு மூன்று வாரத்தில் புல் மஞ்சளாகிக் காயும். அப்புறம் வெட்டுங்கள். பாராகுவாட் என்ற பழைய களைக்கொல்லி டப்பா வீட்டில் கிடந்தால் தொடவே வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் அது இந்த நாட்டில் தடை. அது தண்டை விட்டுவிட்டு இலையை மட்டும்தான் கருக்கும், ஒரு வாய் உள்ளே போனாலும் ஆளைக் கொல்லும். வெட்டிய காய்ந்த புல்லை அங்கேயே விடாதீர்கள். மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்தால் கல்லறை முழுக்கத் தீப்பிடிக்கும். மணல் போட்ட பால் டின்னுக்குள் வர்த்தியை நிறுத்துவது நல்லது. பூச்சாடியிலும் தண்ணீருக்குப் பதில் ஈரமணல் போடுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிடாது.

சிமெண்டுக் கல்லறையில் படிந்த கறுப்புப் பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் சாயம் அடிக்கவேண்டும். ஈரத்தின் மேல் அடித்த சாயம் அடுத்த வருஷமே தோல் உரியும். பளிங்குக்கு எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் ஆகாது. புளிப்பு பளிங்கை அரித்து மங்கவைத்துவிடும். சிலுவையின் கை ஏன் உடைகிறது என்று கேட்பவர்களுக்கு: உள்ளே வைத்த கம்பி ஓரமாக இருந்திருக்கும். மழைத்தண்ணீர் பட்டுத் துருப்பிடித்து, வீங்கி, சிமெண்டைப் பிளந்துவிடும். புதுச் சிலுவை வார்க்கும்போது கம்பி நடுவில் இருக்கட்டும், சுற்றிலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் சிமெண்டு மூடட்டும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். புது அடக்கத்தின் மேல் உடனே டைல்ஸ் பதிப்பதும் வேண்டாம். ஒரு மழைக்காலம் கடந்து மண் இறங்கி உட்காரட்டும்.

இதையெல்லாம் ஆள் வைத்தும் செய்துவிடலாம். பெயர் எழுதுவதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள், பிள்ளைகளே செய்யட்டும். ஒரு நோட்டில் ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், இறந்த வருஷம், கேட்டிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது குழி, கூடவே போனில் எடுத்த இடக்குறி. எழுத்து தேய்ந்திருந்தால் இருட்டும் நேரத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். ஆணியால் கீறி வாசிக்கப் பார்க்காதீர்கள். பெயரே இல்லாத குழிக்கு, தோட்டம் எந்தக் கோயில் பங்கைச் சேர்ந்ததோ அங்கே அடக்கப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வீட்டுச் செபத்தில் "எங்கள் முன்னோர்களுக்காக" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். சவரிமுத்து தாத்தா, அருளாயி பாட்டி என்று பெயர் சொல்லிச் செபிக்கிற பிள்ளைக்கு அந்தக் குழி தன் வீட்டைச் சேர்ந்தது.

நாள் விஷயம். நவம்பர் 2 இங்கே பொது விடுமுறை இல்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளி விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருகிறார்கள். 2024-ல் அது அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. அப்படி முன்னால் வந்தால் மறுநாளே கல்லறை வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இந்துச் சொந்தங்களும் கூட வருவார்கள், வரட்டும். அதே லயத்தில் வாழ்ந்தவர்கள்தானே அங்கே படுத்திருக்கிறார்கள். 2023 மாதிரி நவம்பர் 12-க்குத் தள்ளிப்போனால் அதற்குக் காத்திருக்காமல் அக்டோபரில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு போங்கள். இரண்டாம் தேதி வேலைநாளாகி வரமுடியாதவர்கள் மனம் உடைய வேண்டாம். நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளில் கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தாலும், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை (நற்கருணை) வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காகவும் செபித்தால், பரிபூரண பலனை (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருளை) அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். சிப்ட் வேலை செய்பவர்களுக்கும் அந்த எட்டு நாளில் ஒரு காலை கிடைக்கும். கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் முன்கூட்டியே ஜாகாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.