வித்தவுட்

டீக்கடையில் சீனி போடாத டீக்கு 'வித்தவுட்' என்று சொன்னால் போதும், நமக்கு வியாதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போன வாரம் பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தனை வருசமா தம்பி?" என்றார். "சுகரெல்லாம் இல்லைங்கய்யா, சும்மாதான் நிறுத்திட்டேன்" என்றேன். அவர் நம்பவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது.

நான் ஸ்வீட் பக்கமே போகமாட்டேன் என்று பெருமையடித்துத் திரிந்த ஆள். கல்யாண வீட்டு இலையில் ஜாங்கிரியை ஒதுக்கிவிட்டு எழுந்து வருவேன். ஒரு நாள் ராத்திரி வேலை வெட்டி இல்லாமல், அன்றைக்கு எனக்குள் போன சீனியை ஸ்பூன் ஸ்பூனாக ஒரு டம்ளரில் போட்டுப் பார்த்தேன். நாலு டீ, எட்டு ஸ்பூன். சாயங்காலம் தனியாளாகக் காலி செய்த பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஐந்து. படுக்கும்முன் குடித்த சத்து பானத்துக்கு இரண்டு. டம்ளரில் பாதி நின்றது சீனி. அதில் ஒரு ஸ்பூன்கூட 'ஸ்வீட்' கணக்கில் வராது!

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு சேர்க்கும் சர்க்கரை அதிகபட்சம் 50 கிராம், அதாவது பன்னிரண்டு ஸ்பூன். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. நான் ஜாங்கிரியைத் தொடாமலேயே பதினைந்தில் இருந்தேன்.

அன்றிலிருந்து பாக்கெட்டின் முதுகைப் படிக்கும் வியாதி பிடித்துக்கொண்டது. எடை அதிகமான பொருள் பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது விதி. அதனால் சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று இனிப்பு மூன்று பேரில் பிரிந்து உட்கார்ந்திருந்தால், கோதுமை மாவு நிம்மதியாக முதலிடத்தில் இருக்கும். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இன்னும் கெட்டிக்காரன். ரத்தத்தில் குளுக்கோஸை மளமளவென்று ஏற்றும், ஆனால் சர்க்கரைக் கணக்கில் சேராது. நான் குடித்த பானத்தூளில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். அது போதாதென்று நாங்கள் வேறு மேலே ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தோம். 'ஹெல்த் டிரிங்க்' என்று சட்டத்தில் ஒரு வகையே கிடையாது, அந்தத் தலைப்பில் இவற்றை விற்காதீர்கள் என்று 2024இல் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லவேண்டி வந்தது. நம் வீட்டு அலமாரியில் அது இன்னும் ஹெல்த் டிரிங்க்தான்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது 'நாங்க நாட்டுச் சர்க்கரைக்கு மாறிட்டோம்' கோஷ்டியிடம். ருசிக்காக மாறினால் சரி, கருப்பட்டிக் காபிக்கு நானும் அடிமை. ஆனால் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ, பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். தேனும் அந்த 25 கிராமுக்குள்தான் வரும். பழச்சாறும் அப்படியே, பழமாகச் சாப்பிட்டால் அந்தக் கணக்கில் சேராது. 'இதுல இரும்புச்சத்து இருக்கு' என்று இரண்டு ஸ்பூனுக்குப் பதில் மூன்று போடுகிறவர்களை என்ன செய்வது?

நான் ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டை ஒன்றாக்கி, ஒன்றை அரையாக்கி, அப்புறம்தான் விட்டேன். முதல் பத்து நாள் டீ கஷாயம் மாதிரி இருந்தது. இப்போது யாராவது தவறி சீனி போட்டுக் கொடுத்தால் பாயசமாக இருக்கிறது. தீபாவளி அதிரசத்தை விடவில்லை, விடவும் மாட்டேன். வருசத்துக்கு நாலு அதிரசமா என்னைக் கெடுத்தது?

அந்தப் பெரியவருக்குப் பன்னிரண்டு வருசமாகச் சுகராம். "இந்த வயசுலேயே வாயைக் கட்டிரணும் தம்பி" என்று புத்தி சொல்லிக்கொண்டே தன் வித்தவுட் டீயை வாங்கினார். கண்ணாடி ஜாடியைத் திறந்து இரண்டு தேங்காய் பிஸ்கட்டை எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, மற்றதை டீயில் முக்கினார்.