அரியர் போட்டீர்கள் சரி, ஆண்டுவாரிக் கணக்கு எங்கே?

இரண்டு வருஷம் இழுத்தடித்த சம்பள அரியரை, அதாவது நிலுவையை, கணக்குப் பிரிவில் ஒரே மாதத்தில் போடுகிறார்கள். வங்கியில் ஏறிய தொகையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சம்பளச் சீட்டில் 'வருமான வரி' என்று ஒற்றை வரி. எந்த வருஷத்து அரியர் எவ்வளவு என்று ஒரு எழுத்து கிடையாது. கேட்டால் "சிஸ்டம் பிடிச்சிருக்கு". அந்த சிஸ்டத்துக்குள் என்ன போட்டீர்கள் என்பதுதானே கேள்வி!

அரியருக்கு அது கைக்கு வந்த வருஷத்தில்தான் வரி. 2025-26இல் புதிய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் என்றால், வரித் தள்ளுபடியால் வரி பூஜ்யம். அதன்மேல் 2 லட்சம் அரியர் விழுந்தால் அந்தத் தள்ளுபடி மொத்தமாகப் போய், செஸ்ஸோடு (வரிமேல் போடும் கூடுதல் வரி) 93,600 ரூபாய் வரி. இதே பணத்தை 2023-24இல் 8 லட்சத்தோடும் 2024-25இல் 9 லட்சத்தோடும் தலா ஒரு லட்சமாகக் கொடுத்திருந்தால், புதிய முறையிலேயே வருஷத்துக்கு 10,400தான், ஆக மொத்தம் 20,800. மீதி 72,800 ரூபாயை, கொடுக்கத் தாமதித்தவர் செய்த தப்புக்கு வாங்குகிறவர் ஏன் கட்ட வேண்டும்?

கட்ட வேண்டியதில்லை. 2025-26இல் வந்த இந்த அரியருக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவு அந்த 72,800ஐ நிவாரணமாகத் தருகிறது. பழைய முறை, புதிய முறை இரண்டுக்கும் உண்டு. படிவம் 10இ-யை வருமான வரித் தளத்தில் நிரப்பினால் போதும். அரசு அலுவலகமோ கம்பெனியோ, அந்த விவரத்தை முன்கூட்டியே வாங்கி டிடிஎஸ்ஸையே (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) குறைத்துப் பிடிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அரியர் பில் போடும் நாளில் இதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

படிவத்துக்கு ஆண்டுவாரித் தொகை வேண்டும். அதனால் எந்த மாதத்துக்கு எவ்வளவு வர வேண்டியது, எவ்வளவு வந்தது என்று காட்டும் டியூ-டிரான் பட்டியலை எழுதிக் கொடுத்தே கேளுங்கள், விடாதீர்கள். அதில் இருக்கும் மொத்த அரியரைத்தான் போட வேண்டும், வங்கிக்கு வந்த மிச்சத்தை அல்ல. பி.எஃப்., சொசைட்டி கடன், பழைய முன்பணம் எல்லாம் போகத்தான் வங்கிக்கு வருகிறது. பிடித்த பணமும் உங்கள் வருமானம்தான். புதிய முறையில் உங்கள் பங்கு பி.எஃப்.புக்கு வரிக்கழிவும் கிடையாது.

பலர் சறுக்குவது மதிப்பீட்டு ஆண்டில், அதாவது பணம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டில். அரியர் 2023-24க்கு உரியதாக இருந்தாலும், பணம் 2025-26இல் வந்தால் தேர்ந்தெடுக்க வேண்டியது 2026-27. அடுத்தது வரிசை. முதலில் 10இ, அதன்பிறகுதான் ரிட்டர்ன். அலுவலகம் தரும் வரிச் சான்றான படிவம் 16இல் நிவாரணம் ஏறியிருக்கிறதே என்று 10இ போடாமல் விட்டால், ரிட்டர்னைப் பார்த்து வருமான வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் நிவாரணத்தை வெட்டிவிட்டு வட்டியோடு கேட்பார்கள். கணக்கு ஒரு பைசா பிசகாமல் இருந்தாலும் வெட்டுவார்கள். படிவம் இல்லை என்ற ஒரே காரணம் போதும் அவர்களுக்கு. அந்த அறிவிப்பு வீட்டுக்கு வரும்போது, படிவத்தைப் பற்றி வாயே திறக்காத கணக்குப் பிரிவுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை.