சித்தப்பா படம் சுவரில், பில் டிராயரில்

எங்கள் சித்தப்பாவின் படம் ஒரு பெரிய உணவகத்தின் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. வேட்டியை மடித்துக் கட்டி, கையில் ஒரு பிடி கருப்புக் கவுனிக் கதிரோடு நிற்பார். கருப்பு அரிசி தரும் மரபு நெல் அது. கீழே ‘எங்கள் உழவர்’ என்று எழுதியிருக்கும். படம் எடுத்த அன்று மூன்று தடவை வரப்பில் ஏறி இறங்கச் சொன்னார்களாம். “சிரிக்காதீங்க ஐயா, மண்ணைப் பாருங்க” என்றாராம் போட்டோகிராபர்.

அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து கவுனிப் பாயசம் சாப்பிட்டேன். கப் 180 ரூபாய். நல்ல பாயசம்தான், குறை சொல்ல மாட்டேன். அன்றைய தேதிக்கு அவர்கள் சித்தப்பாவுக்குத் தர வேண்டிய பாக்கி 39,000 ரூபாய். கிலோ 130 வீதம் 300 கிலோ அரிசி. இறக்கிப் போட்டு 97 நாள் ஆகியிருந்தது. மேனேஜரைக் கேட்டதற்கு, “அக்கவுண்ட்ஸ்ல ஒரு பேமெண்ட் சைக்கிள் இருக்குண்ணா” என்றார். சித்தப்பாவிடம் வந்து சொன்னேன். “அந்த சைக்கிள் எங்கேயோ பஞ்சராகி நிக்குது போலடா தம்பி” என்றார்.

கடையின் பெயர் வேண்டாம். பணம் பிறகு வந்துவிட்டது. அவர்கள் ஏமாற்றுக்காரர்களும் இல்லை. விவசாயியைக் கொண்டாடுகிறோம் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

‘வயலிலிருந்து இலைக்கு’ என்று போர்டு வைக்கும் உணவகங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. மரபு அரிசி, செக்கு எண்ணெய், மண்பாண்டம், கருப்பட்டி எல்லாம் இருக்கும். நான் அங்கே போனால் முதலில் பார்ப்பது மெனு கார்டை. அது லேமினேட் செய்யப்பட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வருஷம் முழுக்க ஒரே அட்டை என்றால் வயல்தான் அந்த அட்டைக்கு வளைய வேண்டும். பனையில் பதநீர் இறங்குவது வருஷத்தில் சில மாதம்தான். அட்டைக்கு அது தெரியுமா?

இந்த வழிக்கு முன்னோடி என்று எல்லோரும் சொல்வது அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள ஷே பனீஸ் என்ற உணவகம். ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-இல் தொடங்கியது. அன்றைக்கு ஒரே சாப்பாடு, ஒரே விலை, மறுநாள் வேறு சாப்பாடு. இது ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் யோசித்தால்தான் புரிகிறது, வயலோடு உறவு வைத்துக்கொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காலையில் வண்டியில் என்ன வருகிறதோ அதுதான் ராத்திரிச் சாப்பாடு. விவசாயி தேடி ஆலிஸின் அப்பாவே ஊர் ஊராகப் பண்ணைகளைச் சுற்றினார். அப்படிக் கிடைத்தவர் சோனோமா பக்கத்து பாப் கனார்ட். அவர் விளைவிப்பதை வாங்கிக்கொண்டார்கள். காய்கறிக் கழிவு அதே வண்டியில் உரத்துக்குத் திரும்பிப் போனது. லாரா ஷெனல் என்ற பெண்மணி ஆட்டுப்பால் சீஸ் செய்துகொண்டு வந்தபோது பாராட்டி அனுப்பிவிடவில்லை, வாராவாரம் இவ்வளவு என்று நிலையான ஆர்டர் கொடுத்தார்கள். அவர் தொழில் நிமிர்ந்தது அதில்தான். அங்கே எச்சில் தட்டு எடுத்துக்கொண்டிருந்த பையன் ஸ்டீவ் சல்லிவன் ரொட்டி சுடப் பழகி, 1983-இல் ஆக்மி என்று சொந்த பேக்கரி போட்டார். ஷே பனீஸ் அவருக்கு வாடிக்கை ஆனது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஷே பனீஸ் ஆரம்ப வருஷங்களில் கடனில்தான் ஓடியது. இன்றைக்கு அங்கே சாப்பிட நம்மைப் போன்றவர்கள் பர்ஸைத் தடவிப் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த நிலையான ஆர்டர் என்ற ஒன்றை இங்கே யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

சித்தப்பாவின் நிலம் மன்னார்குடிப் பக்கம். கவுனி ஐந்து மாதப் பயிர். ஆள் உயரம் வளரும். ஐப்பசி கார்த்திகைக் காற்றுமழையில் சாய்ந்துவிட்டால் மெஷின் இறங்காது, ஆள் வைத்துத்தான் அறுக்க வேண்டும். நன்றாக விளைந்த வருஷமே ஏக்கருக்கு 16 மூட்டை கண்டால் பெரிது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார். நெல்லை அறுத்து எடுக்கும்போது அடித்தாளுக்குள் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், பனி ஈரத்திலேயே வந்துவிடும். அடுத்த வருஷக் கவுனிக்கு மண்ணைத் தேற்றிக் கொடுப்பது அந்த உளுந்தும் பயறும்தான்.

உணவகத்துக்குக் கவுனி வேண்டும். உளுந்து? அது மொத்த மண்டியில் வாங்கிக்கொள்கிறார்கள், எந்த ஊர் உளுந்தோ. அவர்கள் தோசை மாவில் இருப்பது ‘எங்கள் உழவர்’ உளுந்து இல்லை.

நியூயார்க் பக்கத்தில் ப்ளூ ஹில் அட் ஸ்டோன் பார்ன்ஸ் என்ற உணவகத்தை நடத்தும் செஃப் டேன் பார்பருக்கும் இதே சறுக்கல் நடந்தது. கிளாஸ் மார்ட்டென்ஸ் என்ற விவசாயியிடம் எம்மர் என்ற பழங்கோதுமை வாங்கிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் பண்ணைக்குப் போய் நின்று பார்த்தால் கோதுமையே அதிகம் கண்ணில் படவில்லை. சிறுதானியம், பக்வீட், அவரை வகைகள், மண்ணுக்காக விதைத்த பயிர்கள். கோதுமைக்கு ருசி கொடுத்ததே அவைதான். அவற்றில் எதையும் தான் வாங்கவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு அந்தப் பயிர்களையெல்லாம் சேர்த்துச் சமைக்கத் தொடங்கினார். நம் ஊர்ச் செஃப் யாராவது மாசி மாதம் அந்த உளுந்து வயலில் வந்து நின்றிருக்கிறார்களா? படம் எடுக்க வந்தது மார்கழியில். அப்போதுதான் கதிர் கருப்பாக, அழகாக இருக்கும்.

நொய் கதை இன்னொன்று. கவுனியைத் தவிடு போகாமல் தோல் மட்டும் நீக்கி அரைத்தால் 300 கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ நொய் விழும். ‘முழு அரிசி மட்டும்’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அந்தப் பாயசத்துக்கு நொய்தான் தோது. சீக்கிரம் வேகும், பாலோடு சேர்ந்து குழையும். முழு அரிசியை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பிறகு மிக்சியில் உடைத்துத்தான் வைக்கிறார்களாம். பரிமாறும் பையன் பெருமையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது.

கைவினைஞர்கள் கதையும் இப்படித்தான். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அங்கே தெரிந்த ஒரு வேளாரிடம் (மண்பாண்டம் செய்பவர்) ஒரு கடை 200 குவளை கேட்டிருக்கிறது. ஐப்பசி மாதம், பத்து நாள் கெடு. அடைமழையில் பச்சை மண் எப்படிக் காயும்? அவசரத்துக்குச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். “சித்திரையில சொல்லியிருந்தா ஐந்நூறே செஞ்சு அடுக்கி வெச்சிருப்பேனே” என்றார். சித்திரையில் சொல்ல அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அந்த வேளாருக்காவது, சிறுதொழில்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் துணைக்கு நிற்கும். பாக்கி 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். (கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்பது வேறு விஷயம்.) பயிர்த்தொழில் அந்தப் பதிவுக்குள் வராது. சித்தப்பாவுக்கு இருப்பது என் போன் மட்டும்.

விளைந்ததை வாங்கிக் கையோடு காசு கொடுப்பது சாத்தியமே இல்லாத காரியமும் அல்ல. கும்பகோணத்தில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் ஒன்று. அக்கா ஒருவர் நடத்துகிறார். சுவரில் சாமி படம் தவிர வேறு படம் இல்லை. என்ன கீரை என்று கேட்டால், “கீரைக்காரம்மா வரட்டும், சொல்றேன்” என்பார். முளைக்கீரை பூச்சி விழுந்திருந்தால் அன்றைக்கு முருங்கைக்கீரை. வாழைப்பூ, தண்டு, காய் என மூன்றும் ஒரே தோட்டத்துக்காரரிடம். கீரைக் கட்டுக்கு ஒரு ரூபாய் குறைக்காமல் அக்கா விடமாட்டார், அது வேறு. கீரைக்காரம்மாவும் அக்காவும் தினமும் வாசலில் போடும் சண்டை தெருவுக்கே கேட்கும். ஆனால் காசு கையோடு. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூடை வேறு வாசலுக்குப் போனதில்லை.

போன வாரம் அந்தப் பெரிய உணவகத்திலிருந்து போன். கவுனி இன்னும் 200 கிலோ வேண்டுமாம், இந்த முறை பாதிப் பணம் முன்னாலேயே தருகிறார்களாம். சித்தப்பா, “அரிசி தர்றேன் தம்பி. உளுந்து நாலு மூட்டை கிடக்கு, அதையும் எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டார். “செஃப்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம் ஐயா.”

இன்னும் சொல்லவில்லை. மூட்டைகள் கூடத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைப் பிரித்துச் சித்தி வடை சுட ஆரம்பித்துவிட்டார்.