ஏழுக்கு நான்கு

இந்திய வெளியுறவுக் கொள்கை என்று பேச்செடுத்தாலே பஞ்சசீலம், பாண்டுங், அணிசேராமை என்று ஆரம்பித்துவிடுகிறோம். தலைவர்கள் எங்கே என்ன முழங்கினார்கள் என்பதை வரிசையாக அடுக்கிவிட்டால் வரலாறு ஆகிவிடும் என்று நினைப்பு. எனக்கு எப்போதும் வேறொரு கேள்விதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாரைக் கேட்டார்கள்?

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரி பிரதமராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க டெல்லிக்கு வந்திருந்தார். இலங்கையின் தோட்டங்களில் நாடற்றவர்களாகக் கிடந்த 9,75,000 இந்திய வம்சாவளியினரை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று முடிவானது. மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த அப்புறம் வந்தது 1974இல். இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள்.

இதில் விகிதம் வேறு. இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நான்கு பேரை ஏற்கும். மாட்டுச் சந்தையில்கூடத் துண்டு போட்டு மறைத்துத்தான் விலை பேசுவார்கள்.

அதுவரை நேரு சொல்லி வந்தது இதற்கு நேர் எதிர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு, இந்தியக் குடியுரிமை வேண்டுமென்று தாமாக விண்ணப்பிப்பவர்களை மட்டும் பார்க்கலாம் என்பது அவர் நிலை. 1948இல் இவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டத்தை இலங்கை கொண்டுவந்ததிலிருந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் 1947 முதல் சாகும்வரை வெளியுறவு அமைச்சரும் அவரேதான். கொள்கை ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவர் மே மாதம் போனார், அக்டோபரில் கொள்கையும் போனது. நேருவை எனக்குப் பிடிக்கும். அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமிலிருந்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அதே கொழுந்து, வேறு மலை. அங்கே இருந்தவரை ‘இந்தியத் தமிழர்’. கூடலூரிலும் கோத்தகிரியிலும் ‘சிலோன்காரங்க’.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாட்டு ஒப்பந்தம் முழுக்க முழுக்க ஒன்றிய அரசின் கையில். மாநிலத்தைக் கேட்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. அமெரிக்காவில் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இங்கே அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். 2008 ஜூலையில் அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டுக்காக நாடாளுமன்றம் அத்தனை அமளிதுமளிப்பட்டதே, அதுகூட அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்புதான். உடன்பாட்டை யாரும் வாக்குக்கு விடவில்லை.

ஒரே ஒரு முட்டுக்கட்டை உண்டு. மேற்கு வங்கத்துப் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்றது. கச்சத்தீவை இலங்கைக்கு விட்டபோது அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். அது நம் நிலமே அல்ல, உரிமை முடிவாகாத இடம், ஆகவே எதையும் கொடுக்கவில்லை என்று வாதம். 1974 ஜூனில் ஒப்பந்தம் முடிந்தது, ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. முதல்வருக்கு முன்கூட்டியே சொன்னார்களா இல்லையா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சொல்வது வேறு, கேட்பது வேறு என்பதை மட்டும் இரண்டு தரப்பும் பேசுவதில்லை.

என்னைக் கேட்டால் 1974ஐவிட 1976 மோசம். முதல் ஒப்பந்தத்தில், நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்றாவது ஒரு வரி இருந்தது. 1976 மார்ச்சில் இரு நாட்டு அதிகாரிகள் பரிமாறிக்கொண்ட கடிதத்தில்தான், அனுமதியில்லாமல் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது. அந்த மார்ச்சில் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே கிடையாது. ஜனவரி கடைசியில் ஆட்சியைக் கலைத்தாயிற்று. நாடு முழுக்க நெருக்கடி நிலை. கேட்க நினைத்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

அப்படியானால் மாநிலங்களுக்கு வீட்டோ கொடுத்துவிடலாமா? கூடாது. பங்களாதேஷுடனான தீஸ்தா நதிநீர் உடன்பாட்டைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்காவுக்குப் புறப்படும் நேரத்தில் அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி வரமாட்டேன் என்றார். கையெழுத்து நின்றது. பங்களாதேஷ் விவசாயிக்கு அது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதேபோல 2013இல் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் போகாமல் வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். இங்கே கொதித்த கொதிப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அப்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி நேரத்தில் முரண்டு பிடித்து ஒன்றைத் தடுப்பதும், ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசுவதும் ஒன்றல்ல. முன்னதற்குப் பலம் வேண்டும், அதுவும் டெல்லியில் கூட்டணி ஆட்சி நடக்கிற காலத்தில் மட்டுமே கிடைக்கும் பலம். பின்னதற்கு விதி வேண்டும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் செய்யும் முறைக்கு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்று, அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய அமைத்த வெங்கடாசலையா ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. அதற்கான அதிகாரமும் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 14ஆவது பதிவாக, அரசியலமைப்பு வந்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.