பழைய மலை சைக்கிள்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து விற்கிற புண்ணியவான்களே!

"அரிய பொருள்" என்று தலைப்பில் போட்டுவிட்டால் போதும், அப்புறம் என்ன விலையும் கேட்கலாம் போலிருக்கிறது. நேற்று ராத்திரி கண்ணில் பட்ட விளம்பரம் இது: ஷிமானோ கம்பெனியின் டியோர் எக்ஸ்டி தம்ப் ஷிஃப்டர், அதாவது கட்டைவிரலால் தள்ளிக் கியர் மாற்றுகிற நெம்புகோல், பின்னால் 7 பல்சக்கரம் இருந்த காலத்தது. ஜோடி இல்லை, ஒற்றை. அதுவும் இடது கைப் பக்கம். விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிடும். வலது பக்கத்து ஷிஃப்டருக்குள்தான் ஒவ்வொரு கியருக்கும் 'டிக்' என்று நிற்கிற பொறி இருக்கிறது. இடது பக்கத்தில் அது கிடையாது, உராய்வில் நிற்கிற வெறும் நெம்புகோல்தான். அதற்கு 85 டாலர் கேட்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளாம்பு போல்ட்டில் சாவி போடுகிற அறுகோணக் குழி தேய்ந்து வட்டமாகிக் கிடக்கிறது. கீழே "மிக நல்ல நிலை" என்று எழுதியிருக்கிறார் மகராசன்.

சரி, அவர் பொருள், அவர் விலை. எனக்கு வயிறு எரிவது வேறு காரணத்துக்கு. அதே தரைவிரிப்பின் மேல் வைத்துப் படமெடுத்து, வலது ஷிஃப்டர் தனியாக, பிரேக் கைப்பிடிகள் தனியாக, பெடல் மாட்டுகிற கிராங்க் தனியாக, இரண்டு சக்கரமும் தனித்தனியாக என்று வரிசையாகப் போட்டிருக்கிறார். கடைசியில், "பிரேம் மட்டும், யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்." அந்தப் பிரேமை எனக்குத் தெரியும். போன வாரம்தான் அதை முழு சைக்கிளாகப் பார்த்தேன். வீடு காலி செய்கிற ஒரு குடும்பம் 150 டாலருக்குப் போட்டிருந்தது. கடையிலிருந்து வந்த நாளில் இருந்த பாகங்கள் அப்படியே, டயர் மட்டும் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கேட்பதற்குள் கைமாறிவிட்டது. யாரோ ஓட்டத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது பார்த்தால் அதை இப்படிக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருஷம் ஒரு கராஜில் யார் கையும் படாமல் பிழைத்துக் கிடந்த வண்டி, விற்பனைக்கு வந்த ஒரே வாரத்தில் சாகிறது. இதில் கணக்கு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. முழு வண்டியாக 150, உதிரியாக 500. "உங்களை மாதிரி ஆட்கள் உதிரி கேட்பதால்தானே நாங்கள் பிரிக்கிறோம்" என்று என்னிடமே நியாயம் பேசுவார்கள். அந்தக் கதையெல்லாம் வேண்டாம். பிரேம் வளைந்தது, வெல்டிங் விட்டது, அடிபட்டது என்றால் பிரியுங்கள், புண்ணியமாகப் போகும். நாளைக்கே மலையேறத் தயாராக நிற்கிற வண்டியைப் பிரித்துவிட்டு, "பழைய சைக்கிள்களை வாழவைக்கிறேன்" என்று விளம்பரத்தில் எழுதுகிறீர்களே, அதுதான் தாங்கவில்லை.

என்னிடம் இருப்பது 1991 மாடல் மலை சைக்கிள். ஜப்பானில் செய்த குரோமோலி எஃகுப் பிரேம். கம்பெனிப் பெயர் வேண்டாம், சொன்னால் அந்தப் பெயருக்காகவே நாளைக்கு இன்னும் 50 டாலர் ஏறும். பெயிண்ட் நன்றாக இருக்கிறது, துரு இல்லை. எஃகுக் குழாய்க்குள் சீட்டைத் தாங்குகிற அலுமினியத் தண்டு, அதாவது சீட் போஸ்ட், வருஷக்கணக்காக இருந்தால் இரண்டும் கடித்துக்கொண்டு ஒன்றாகிவிடும். வைஸில் மாட்டி முறுக்கி, கடைசியில் ரம்பம் போட்டு அறுத்தவர்களைத் தெரியும். எனக்கு அது சமர்த்தாகக் கழன்று வந்தது. அந்த அளவில் அதிர்ஷ்டம்தான்.

ஆனால் முந்தைய சொந்தக்காரர் தொண்ணூறுகளின் நடுவில் ஆசைப்பட்டு முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கை மாற்றி, அதிர்வு தாங்குகிற சஸ்பென்ஷன் ஃபோர்க் மாட்டியிருக்கிறார். அந்தக் காலத்து ஃபோர்க் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக எலாஸ்டோமர் என்கிற ரப்பர் மாதிரியான கட்டைகள்தான் அதிர்வைத் தாங்கும். திறந்து பார்த்தால் பாதி கோந்தாக வழிந்திருந்தது, பாதி தூளாக உதிர்ந்தது. அது போகட்டும், எனக்கு வேண்டியது இந்த வண்டியோடு முதலில் வந்த சாதாரண எஃகு ஃபோர்க்.

இங்கேதான் கூத்து ஆரம்பிக்கிறது. அந்தக் கால ஃபோர்க்கின் மேல்குழாயில் மரை வெட்டியிருக்கும், ஹேண்டில் திரும்ப உதவுகிற பேரிங் தொகுதியான ஹெட்செட் அந்த மரையில்தான் இறுகும். அதனால் குழாய் தடிமன் மட்டும் பொருந்தினால் போதாது, நீளமும் என் பிரேமுக்குப் பொருந்த வேண்டும். குட்டையான ஆளுக்கான பிரேமிலிருந்து கழற்றிய ஃபோர்க்கை என் பிரேமில் நுழைத்தால் மரை வெளியே எட்டிப் பார்க்கக்கூட பார்க்காது. இது போதாதென்று அந்த இரண்டு மூன்று வருஷத்தில் தடிமனிலும் ஆளுக்கொரு கட்சி. பழைய ஒரு அங்குலம், புதிதாக வந்த ஒன்றே அரைக்கால் அங்குலம், மலை சைக்கிள் முன்னோடிகளில் ஒருவரான கேரி ஃபிஷர் கொண்டுவந்த ஒன்றே கால் அங்குலம். ஃபோர்க் விற்கிறவர் நீளம், தடிமன் இரண்டையும் எழுத வேண்டாமா? "பழைய மலை சைக்கிள் ஃபோர்க், சூப்பராக இருக்கிறது" என்று எழுதுகிறார். அளவு கேட்டால், "எல்லாம் ஸ்டாண்டர்ட் சைஸ்தான் சார்" என்று பதில் வருகிறது.

எது சார் ஸ்டாண்டர்ட்? சீட் போஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கிறது. என் பிரேமுக்கு 26.8. முந்தையவர் மாட்டியிருந்த போஸ்ட் வளைந்திருந்ததால் வேறு தேட வேண்டியதாயிற்று. "27" என்று எழுதியிருந்த ஒருவரிடம் அளந்து சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். அளந்துவிட்டேன், 26.8 தான் என்றார். வந்த போஸ்டின் அடியில் 27.2 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது! அளக்கவே வேண்டாம், திருப்பிப் படித்திருந்தாலே போதும். இந்தத் துளி வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பெரியது உள்ளே போகாது. சிறியது போகும், ஆனால் இறுக்க இறுக்க நழுவும். இன்னும் இறுக்கினால் பிரேமின் காது நசுங்கும்.

செயினை முன் பல்சக்கரங்களுக்கு இடையே தள்ளுகிற முன் டீரெயிலரிலும் இதே கதைதான், கிளாம்பு 28.6, 31.8, 34.9 என்று மூன்று அளவு. பிரேக் கைப்பிடியில் இன்னும் அநியாயம். 1996 வாக்கில் வி-பிரேக் வந்தபோது அதற்கான கைப்பிடி கேபிளை அதிக நீளம் இழுக்கும்படி செய்யப்பட்டது. பழைய கேண்டிலீவர் பிரேக்கோடு அதைச் சேர்த்தால் கைப்பிடி கட்டை மாதிரி இறுக்கமாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இது பிரேக் சமாச்சாரம், உயிர் விஷயம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "விண்டேஜ் செட்" என்று விற்கிறார்கள்.

இன்னொரு பொன்மொழி: "நன்றாக வேலை செய்கிறது." தம்ப் ஷிஃப்டர் இந்த விலைக்குப் போகிறதே, அதற்கடுத்து வந்த ரேபிட்ஃபயர் மலிவாயிற்றே, ஓடுகிற வரைக்கும் அதையாவது மாட்டி வைக்கலாம் என்று ஒரு ஜோடி வாங்கினேன். முதல் தலைமுறை, ஏற்றவும் இறக்கவும் இரண்டையுமே கட்டைவிரலால் தள்ளுகிற வகை. வந்ததும் கேபிள் மாட்டித் தள்ளினால் நெம்புகோல் காற்றில் ஆடுகிறது, எதையும் பிடிக்கவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே கம்பெனியில் வைத்த கிரீஸ் தேன்பாகு பதத்தில் பழுப்பாக உறைந்திருக்கிறது. பல்லில் விழ வேண்டிய சின்னக் கொக்கி அதில் ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருக்கிற மயிரிழை ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளிவிடத் தெம்பில்லை. கரைப்பான் ஊற்றி, நெம்புகோலை ஆட்டி, அழுக்கு வழிய வழிய மறுபடி ஊற்றி, ஒரு சமயத்தில் 'டக்' என்று கொக்கி விழுந்தது. அப்புறம் லேசான எண்ணெய் இரண்டு சொட்டு. இப்போது நன்றாக வேலை செய்கிறது. இந்த வயதில் இந்த ஷிஃப்டர்கள் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும், அதில் எனக்குக் கோபமில்லை. "கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது, சுத்தம் செய்யணும்" என்று எழுதிவிட்டு அதற்கேற்ற விலை சொல்வதற்கு என்ன கேடு?

கேண்டிலீவர் பிரேக்கில் இரண்டு கைகளையும் இணைக்கிற குறுக்குக் கேபிளைத் தூக்கிப் பிடிக்க ஒரு சின்ன முக்கோணத் தகடு உண்டு. அது 4 டாலர், அனுப்புகிற செலவு 12. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நாலைந்து சாமானைச் சேர்த்து ஒரே பெட்டியில் அனுப்புங்கள் என்றால், "சிஸ்டத்தில் முடியாது" என்கிறார்கள்.

டயரைப் பற்றிக் கேட்காதீர்கள். 26 அங்குலச் சக்கரத்தைப் பெரிய கம்பெனிகள் எல்லாம் கைகழுவிவிட்டு 29-க்கும் 27.5-க்கும் போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்படியும் பானாரேசர் என்கிற டயர் கம்பெனி, தொண்ணூறுகளில் தெருவெங்கும் பார்த்த ஸ்மோக், டார்ட் டயர்களை மறுபடி செய்து விற்றது. அவர்களுக்குக் கோயிலே கட்டலாம். ஆனால் நம் ஆட்கள் அதை ஏற்க மாட்டார்கள். 1992-ல் செய்து பெட்டியிலேயே இருந்த டயர்தான் வேண்டும். பக்கச்சுவரில் சருகு மாதிரி வெடிப்பு ஓடுகிறது, விரலால் மடித்தால் நூல் தெரிகிறது, அதற்கு ஜோடி 200 டாலர். இதில் காற்றடித்து மலை இறங்கச் சொல்கிறீர்களா? ரப்பருக்கு வயதாகும் ஐயா, பெட்டிக்குள் இருந்தாலும் ஆகும். பிரேக் கட்டையும் அப்படித்தான்.

இப்போது சுத்தபத்தக்காரர்களிடம் வருகிறேன். பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடத்துக்கு, பாதி முடிந்த வண்டியை ஆசையாக எடுத்துப் போனேன். ஒருவர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு மண்டிபோட்டு, கிராங்க் கையின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஷிமானோ பாகங்களில் இரண்டு எழுத்து பொறித்திருக்கும். முதலாவது வருஷம், 1976-க்கு A என்று தொடங்கிக் கணக்கு. இரண்டாவது மாதம். என் கிராங்கில் இருந்தது P, F. அதாவது 1991 ஜூன். அவர் எழுந்து, பரிதாபமாக என்னைப் பார்த்து, "91 மாடல் வண்டி 90 கடைசியிலேயே கடைக்கு வந்திருக்கும். இந்த கிராங்க் அதில் இருந்திருக்க முடியாது" என்றார். அந்த வண்டியில் ஏறி ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எந்த வண்டியைப் பற்றி இந்தச் சுத்தபத்தம்? 1976 அக்டோபர் 21-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டியிலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் பக்கத்தில் சார்லி கெல்லி ஒரு பந்தயம் நடத்தினார். 1,300 அடி இறக்கம், மண் பாதை. வந்தவர்கள் ஓட்டியது இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ஷ்வின் எக்செல்சியர் மாதிரியான பழைய பிரேம்கள். அதில் மோட்டார் சைக்கிள் பிரேக் கைப்பிடி, எங்கிருந்தோ பிடுங்கிய டிரம் பிரேக், டூரிங் சைக்கிளின் கியர் என்று கைக்கு எது கிடைத்ததோ அது. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பழைய பிரேக்கில் கிரீஸ் புகைந்தே போய்விடும், ஓட்டி முடித்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கு ரீபேக், அதாவது 'மறுபடி அடை', என்று பேர். அடுத்த வருஷம் ஜோ பிரீஸ் இதற்கென்றே பிரேம் கட்டினார், 1979-ல் டாம் ரிச்சி கட்டிய பிரேம்களை கெல்லியும் ஃபிஷரும் விற்க ஆரம்பித்தார்கள். ஷிமானோவும் அதன் போட்டிக் கம்பெனியான சன்டூரும் மலை சைக்கிளுக்கென்று தனியாகப் பாகம் செய்து தந்தது 1982-ல்தான். ஒட்டுப்போட்டே பிறந்த வண்டி இது! தொண்ணூறுகளில்கூட, வாங்கிய முதல் சம்பளத்தில் ஊதாக் கலர் போல்ட்டும் ஊதாக் கலர் ஹப்பும் மாட்டாதவன் யார்? கேட்லாக்கில் இருந்தபடியே ஒரு வண்டி இன்றைக்கும் இருக்கிறது என்றால், அதை யாரும் ஓட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தக் காலத்துப் பாகமே வேண்டும் என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு, இல்லையென்றால் இவ்வளவு அல்லல் எதற்கு? அந்த ஷிஃப்டரைத் தள்ளும்போது விரலுக்குத் தெரிகிற பிடிப்பு புதியதில் இல்லை. திறக்கலாம், துடைக்கலாம், மூடலாம். ஆனால் செயினும் கேபிளும் பிரேக் கட்டையும் தேய்கிற சாமான். அதில் போய் வருஷம் பார்ப்பேனா? பின்சக்கரத்தில் மாட்டுகிற 7 பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட், இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதை மாட்டுவேன். இந்த விஷயத்தில் ஷிமானோ போட்ட வண்டி கிடைத்தது என் நல்ல காலம். சன்டூர் எக்ஸ்சி புரோ வைத்திருக்கிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவ்வளவு அழகான சாமான், ஆனால் கேசட் மாட்டுகிற பல்லும் வேறு, சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளியும் வேறு. தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சாமான் செய்வதே நின்றுபோய், பேர் மட்டும் இன்னொரு கம்பெனியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேய்ந்த ஒரு கேசட்டுக்காக அவர்களும் இந்தப் பிரித்து விற்கிறவர்களின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

ஆகவே விற்கிற பெருமக்களே, கராஜில் முழு வண்டி ஒன்று அகப்பட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு மாதம் முழு வண்டியாகவே விளம்பரம் போடுங்கள். 150-க்கு வாங்கியதை 300-க்கு விற்றாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்கும் மனசில்லை, பிரித்தே தீருவேன் என்றால், பத்து டாலருக்கு ஒரு வெர்னியர் கேலிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றே அரைக்கால் அங்குல ஃபோர்க், மரை வெட்டியது, மேல்குழாய் குறைந்தது 190 மில்லிமீட்டர். இதை வைத்திருப்பவர் அளந்து, ஸ்கேலோடு படமெடுத்து அனுப்பினால், பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். "ஸ்டாண்டர்ட் சைஸ்" என்று ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதவே வேண்டாம்.